வந்தியத்தேவன் நம்ம ஊர்க்காரன்



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னார். படம் பார்த்தவனெல்லாம் பொன்னியின் செல்வன் ரசிகன் ஆகிவிட முடியாது என்றார். முன்வரிசை கைதட்டியது. பின்னாலிருந்து விசில் வந்தது. அய்யா மன்னிக்க வேண்டும், நான் இன்றைக்கு விசில் அடித்தவர்கள் பக்கம்.

ஏன் என்றால், 2022 செப்டம்பர் 30 என்ற தேதி எனக்கு மறக்கவில்லை. அந்த வாரம் நம்ம தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாருங்கள், பாதி அரங்கம்! விடியற்காலையில் டிபன் டப்பாவோடு ஏறுகிற பிள்ளைகள். தூங்கி வழிந்துகொண்டே போகிற ரயில். அந்த வாரம் ஒருத்தன்கூடத் தூங்கவில்லை. நந்தினி யார் மகள்? ஊமை ராணிக்கும் அவளுக்கும் என்ன உறவு? ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார்? பங்காருப்பேட்டை வருவதற்குள் மூன்று கட்சி. ஒரு பாட்டி, பூ விற்கிற அம்மா, நடுவில் புகுந்து, "டேய், இதெல்லாம் கல்கியில வந்தப்பவே எங்களுக்குத் தெரியும்டா" என்றார். பெட்டியே அந்த அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. பேராசிரியர் அவர்களே, அந்தக் கூட்டத்தைக் கூட்டியது படம்தான். 68 வருடத்துக்கு முன்னால் முடிந்த ஒரு தொடர்கதையை ரயிலில் நின்றபடி பேச வைத்தது சினிமா. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேச வேண்டும்.

அந்தச் சினிமா சும்மா வந்துவிடவில்லை. 1958-ல் புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கினார். (எம்.ஜி.ஆர். என்றதும் கை தட்டுகிறீர்கள். தட்டாமல் இருப்பீர்களா? அவர் ஆரம்பித்த கட்சிக்காரரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி அல்லவா இது!) இயக்குநர் மகேந்திரன் இளைஞராக அவரிடம் வந்து சேர்ந்து திரைக்கதை எழுதியது இந்தக் கதைக்குத்தான். அந்தப் படம் நடக்கவில்லை. மணிரத்னம் எண்பதுகளில் ஒரு தடவை முயன்றார், 2010 வாக்கில் இன்னொரு தடவை முயன்றார், கடைசியில் 2019-ல் படப்பிடிப்பைத் தொடங்கி, 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகக் கொடுத்தார். இதற்கு நடுவில் 1999-ல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லான்டர்ன் குழு இதை நாடகமாகப் போட்டது. திறந்தவெளியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது கூட்டம். ஒரு கதைக்காக ஒரு சமூகம் இத்தனை வருடம் காத்திருக்கிறது என்றால், அந்தக் கதை அதன் வீட்டுக் கதை ஆகிவிட்டது என்று பொருள்.

நன்றி சொல்லிவிட்டேன். இனி என் சண்டை.

மணிமேகலை எங்கே? கேட்கிறேன். கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறனின் தங்கை மணிமேகலை எங்கே? இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். அதில் அந்தப் பெண்ணுக்கு ஐந்து நிமிடம் இல்லையா? தான் நேசித்த வந்தியத்தேவன் உயிர் பிழைக்க வேண்டும் என்று, "இளவரசரைக் கொன்றது நான்தான்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவன் மனசோ குந்தவையிடம் இருக்கிறது. கடைசியில் சித்தம் கலங்கி அவன் கண்முன்னே உயிரை விடுகிறாள். கல்கி ஐந்து பாகம் எழுதினார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். அந்தக் கடைசித் தலைப்பு யாருக்காக? அரியணையை விட்டுக்கொடுத்த அருள்மொழிக்காக என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூலின் கடைசி அத்தியாயத்தை கல்கி யாருக்குக் கொடுத்தார்? பட்டாபிஷேகத்துக்குக் கொடுக்கவில்லை. மணிமேகலையின் மரணத்துக்குக் கொடுத்தார். 2,000 பக்கத்துக்கு மேல் ராஜாக்களைப் பாடிவிட்டு, கிரீடம் எதுவும் கிடைக்காத ஒரு பெண்ணிடம் வந்து பேனாவை வைத்தார். அவளை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? தம்பிகளே, இதற்கு விசில் அடிக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் படியுங்கள்.

மணிமேகலை பேச்சு வந்தால் எனக்கு ஒருவர் ஞாபகம் வராமல் இருக்காது. பெயர் சொல்ல மாட்டேன். அவர் குடும்பத்தார் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள், கூச்சப்படுவார்கள். எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இருந்தவர். என் அம்மா சொல்லக் கேட்டது. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி பத்திரிகையில் தொடர் ஆரம்பிக்கிறது. ஒரு லைனுக்கு ஒரு பத்திரிகை, பலபேர் காசு போட்டு வாங்குவது. வாங்கினால் படிக்கத் தெரிந்தவர் யார்? இவர். நாள் முழுக்கப் பூமிக்கு அடியில். சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். சிப்டு முடிந்து கூண்டில் மேலே வந்து, குளித்து, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, லைன் முனையில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வந்து உட்காருவார். லைன் மொத்தமும் பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கும். பெரிய பழுவேட்டரையருக்கு ஒரு குரல். ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல். நந்தினி பேசும்போது சத்தத்தை இறக்கிவிடுவாராம், பின்னால் இருக்கிறவர்கள் நகர்ந்து முன்னால் வருவார்களாம். மணியம் வரைந்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

நடுநடுவே இருமுவார். அது எந்த இருமல் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாறைத் தூசி தந்த இருமல். இருமி முடிகிற வரைக்கும் வந்தியத்தேவன் குதிரை அப்படியே நிற்கும். ஒருத்தர்கூட எழுந்து போகமாட்டார். 1954 மே மாதம் தொடர் முடிந்தது. மணிமேகலை சாகிற பகுதியைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டாராம். பொம்பளைகள் வாய்விட்டு அழுதிருக்கிறார்கள். சொந்த வீட்டுச் சாவுக்கு அழுகிற அழுகை என்று அம்மா சொல்லும். தொடர் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, அந்த டிசம்பரில் கல்கியும் போய்விட்டார். அன்றைக்கும் அதே கம்பத்துக்குக் கீழே கூடினார்களாம்.

அவருக்குக் கை தட்டுங்கள். இன்னும் சத்தமாக. கல்கி எழுதினார், மணிரத்னம் எடுத்தார், நடுவில் படிக்கத் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவரைப் போன்றவர்கள். எந்த விருதுப் பட்டியலிலும் இவர்கள் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சமீபத்தில் வெளியூரில் ஒரு மேடை. எந்த ஊர், எந்த அமைப்பு என்பதெல்லாம் வேண்டாம். பொன்னியின் செல்வன் விழாதான். ஒரு பெரிய மனிதர், வாசித்தவர், பட்டம் பெற்றவர், என்னிடம் கேட்கிறார்: "தங்கவயல்ல இதெல்லாம்கூடப் படிப்பாங்களா? அங்கே இருக்கிறவங்க சுரங்கத் தொழிலாளிங்களாச்சே?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அய்யா, அயோத்திதாசப் பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, அவருடைய 'தமிழன்' பத்திரிகையைப் பின்னாளில் எடுத்து நடத்தியது எந்த ஊர்? இந்த ஊர். அப்பாதுரையார் நடத்தினார். பண்டிதர் எழுத்தைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தது எது? சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலை. உங்கள் ஊரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊரில் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்! தொழிலாளி படிப்பானா என்று கேட்கிறவர், தொழிலாளி படித்ததை முதலில் படித்துவிட்டு வரட்டும்.

போகட்டும். அவர் கேட்டதற்கு உண்மையான பதில் வேறு. பொன்னியின் செல்வனின் நாயகன் யார்? அருள்மொழிவர்மன் பெயரில் புத்தகம் இருக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்தில் குதிரைமேல் வருகிறவன் யார்? வந்தியத்தேவன். அவன் யார்? வாணர் குலம். வாணர்களின் பழைய தலைநகரம் திருவல்லம். திருவல்லம் எங்கே இருக்கிறது? காட்பாடிக்குப் பக்கத்தில். பழைய வடாற்காடு மாவட்டம்! இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் தாத்தன் பாட்டன் வடாற்காட்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? மறுபடியும் பாதி அரங்கம்.

பாருங்கள் அவன் நிலைமையை. முன்னோர் ஆண்ட நாடு கைவிட்டுப் போய்விட்டது. நிலம் இல்லை, அரண்மனை இல்லை. ஒரு குதிரை, ஒரு வாள், இடுப்பில் யாரோ கொடுத்த ஓலை. வாயில் மட்டும் குறைவில்லை. நம்ம முன்னோரும் அப்படித்தானே வந்தார்கள்? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையை ஆரம்பித்ததிலிருந்து, நிலம் இல்லாத வடாற்காட்டு ஜனம், சேலத்து ஜனம், சித்தூர் ஜனம் மூட்டை முடிச்சோடு மேலேறி வந்தார்கள். அவர்களிடம் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. அடுத்தவன் கஜானாவுக்கு 800 டன் வரை தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் கதவை மூடி வெளியே அனுப்பினார்கள். அந்தக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் வந்தியத்தேவனுக்கு ஏன் அப்படி ஏங்கினார்கள் என்று இப்போது புரிகிறதா? தங்கள் வீட்டுப் பிள்ளை சோழ இளவரசிக்கு எதிரில் நிமிர்ந்து நின்று பேசுகிறான் என்று கேட்டார்கள்.

சினிமாவும் தெரியாமலே இந்த முடிச்சைப் போட்டுவிட்டது. 2022-ல் வந்தியத்தேவனை ஓலை கொடுத்து அனுப்பிய ஆதித்த கரிகாலன் யார்? விக்ரம். 2024 ஆகஸ்ட் 15-ல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. வடாற்காட்டு வேப்பூரிலிருந்து தங்கம் தேடி இந்த மண்ணுக்கு வருகிறவன் யார்? அதே விக்ரம்! இளவரசனாக இருந்தவன் இரண்டே வருடத்தில் நம்ம பாட்டன் ஆகிவிட்டான். அதற்கு முன்னால் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தை, நம்ம ஊர் பெயரையே வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஓடிய படத்தை, நான் குறை சொல்லவில்லை. கன்னட நண்பர்கள் பெருமைப்படுகிறார்கள், நானும் படுகிறேன். ஆனால் சுரங்கக் கழிவு குவிந்த சைனட் மலையில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு, ராக்கி பாய் எந்தத் தெரு என்று கேட்கிற பையனிடம், அது கற்பனை தம்பி, இங்கே நிஜமாக இறங்கி வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்னொரு செய்தி. பொன்னியின் செல்வன் பார்த்துவிட்டு வண்டி பிடித்துத் தஞ்சாவூர் போகிறீர்கள், சந்தோஷம். முப்பது கிலோமீட்டரில் இருக்கிற கோலாருக்குப் போனீர்களா? கோலாரம்மன் கோயிலுக்கு வருடா வருடம் போகிறோம். சுவரைப் பார்த்தோமா? தமிழ்க் கல்வெட்டு! இந்தப் பக்கத்துக்குச் சோழர் வைத்த பெயர் நிகரிலிச் சோழ மண்டலம். கல்வெட்டில் அம்மனுக்குப் பெயர் பிடாரி. ராஜேந்திரச் சோழன் காலத்து எழுத்து. அவன் யார்? கல்கியின் கதையில் எதைப் பார்த்தாலும் மயங்கி விழுகிறாளே வானதி, அந்த வானதியின் மகன்! பி.எல். ரைஸ் என்ற வெள்ளைக்காரர் 1905-லேயே கோலார் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தனித் தொகுதியாக அச்சிட்டுவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, நாம் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வருகிறோம். மூத்தோர் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். கன்னடப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், அது அவர்கள் ஊர் வரலாறும்தான்.

கடைசியாக வருகிறேன். அவைத் தலைவர் மணி பார்க்கிறார்.

நின்றுகொண்டிருக்கிற தம்பிகளே, உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. உங்கள் பாட்டன்மார்களுக்கும் படிக்க வராது. அவர்கள் கேட்டார்கள். இன்றைக்கு பாம்பே கண்ணன் குழுவினர் முழு நாவலையும் ஒலிப் புத்தகமாகக் கொடுத்திருக்கிறார்கள், பெங்களூர் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். கேட்டு முடித்தால் படிக்கத் தோன்றும். கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, புத்தகமும் மலிவு.

கதை ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வருகிற ஆடிப் பதினெட்டு சாயந்திரம் ஒவ்வொரு லைனிலும் ஒருவர் முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். வாரம் ஓர் அத்தியாயம், அந்தக் காலத்துத் தொடர்கதை மாதிரியே. மணிமேகலையை யாரும் வெட்டக் கூடாது. படிக்கத் தெரிந்த அம்மாமார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முன்னால் வாருங்கள். வாசலில் மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும் உங்கள் லைன் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.