குடியிருக்க ஓர் இடம்

(கழகத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். படிக்கும் காலத்தைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். படித்து முடித்து, வேலைக்கான ஆணையையும் கையில் பெற்ற இளைஞன், புதிய ஊரில் பெட்டியோடு வந்து இறங்கியதும் எதிர்கொள்ளும் முதல் கேள்வியைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். இரவு எங்கே தங்குவது என்பதே அக்கேள்வி.

1984-ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். எங்கள் சிற்றூர் இராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது. இரு நகரங்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் எங்கள் ஊருக்குப் பேருந்து நாளைக்கு இரண்டு முறைதான் வரும். ஆகவே வாடகைக்கு வீடு தேடினேன்.

முதல் வீட்டில் அந்த அம்மையார் அடுப்படி முதல் கிணற்றடி வரை அன்போடு காட்டினார். பிறகு வீட்டுக்காரர் வந்தார். "தம்பிக்கு எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு?" என்று கேட்டார். காலனி என்றேன். "அடடா, நேற்றுத்தான் ஒருத்தருக்குச் சொல்லிவிட்டோம்" என்றார். வாடகைக்கு என்று எழுதிய அட்டை மறு வாரமும் அந்த வாசலில் தொங்கியது. இரண்டாவது வீட்டில் சைவம் மட்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் "நீங்க என்ன ஆளுக?" என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். நான்காவது வீட்டிலும் ஏமாற்றமே.

ஐந்தாவது வீட்டில் நான் பொய் சொன்னேன். பக்கத்து ஊரின் பெயரையும் வேறொரு தெருவின் பெயரையும் சொன்னேன். ஒரு காம்பவுண்டு வீட்டில் ஒற்றை அறை கிடைத்தது. மூன்று மாதம் இருந்தேன். குழாயடியில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் நெஞ்சு படபடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாயார் ஒரு பை மாம்பழத்தோடு என்னைக் காண வந்தார். நான் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, "அம்மா, யாராவது கேட்டால் நம் தெருப் பெயரைச் சொல்லிவிடாதே" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "படிச்சது இதுக்குத்தானாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டார்.

வீடு மறுக்கப்பட்டபோது நேர்ந்த அவமானம் மறுத்தவருடையது. பெற்ற தாயை மறைக்கத் துணிந்தேனே, அந்த அவமானம் என்னுடையது. அடுத்த வாரமே வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். எட்டு நாளில் காலி செய்யச் சொன்னார். இரண்டாண்டுகள் பேருந்திலேயே சென்று வந்தேன். பிறகு கிடைத்த வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முதல் தேதி வாடகை வந்துவிடுமா?" அத்தகைய மனிதரும் இவ்வூரில் உண்டு என்பதை நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

இளைஞர்களே! இது என் ஒருவன் கதையன்று. அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடா சமஸ்தானப் பணிக்கு வந்தார். அத்தகைய அறிஞருக்கும் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுத இசைந்து, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பன்னிரண்டு பேர் தடிகளோடு வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினார்கள். அடைக்கலம் கேட்ட இரு நண்பர்களும் கைவிரித்தார்கள். பூங்கா ஒன்றில் அமர்ந்து காத்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். அதே அண்ணல் 1930-களில் பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்ற இல்லத்தைக் கட்டி, தம் ஆயிரக்கணக்கான நூல்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்.

காலம் மாறிவிட்டது என்பார்கள். பேராசிரியர் சுக்தேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லிப் பகுதியில் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. தொலைபேசியில் வீடு கேட்ட உயர்சாதிப் பெயரினர் எவரையும் வீட்டுக்காரர்கள் மறுக்கவில்லை. தலித் பெயரினரிலோ நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நேரடி மறுப்பு. மேலும் இருபத்து மூன்று பேருக்கு நிபந்தனைகள்.

சட்டம் இல்லாமலில்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது அதன்படி குற்றம். ஆனால் "நேற்றே சொல்லிவிட்டோம்" என்ற இனிய சொல்லுக்கு எதிராகச் சாட்சியை எங்கே தேடுவது? 2011 தேர்தல் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியாக இருக்கிறது. சட்டமன்றத்தில் இவ்வூரின் பெயரால் அமரத் தகுதியுடைய ஒருவன், இவ்வூரின் தெருவொன்றில் குடியிருக்கத் தகுதியற்றவனா?

ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் வாழும் நம் உறுப்பினர்கள், சாதி கேளாமல் வீடு தருவோரின் விவரங்களை ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். முன்பணம் கட்ட வழியில்லாத இளைஞருக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு நிதி வேண்டும். புதிதாக வரும் பிள்ளை முதல் ஒரு மாதம் தங்க, அங்குள்ள உறுப்பினர் இல்லங்களில் இடம் தர வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெறும் பழக்கத்தையும் இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் என் உரை நேர்மையாகாது. இன்று நம்மவர் சிலரும் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். துப்புரவுப் பணி செய்யும் குடும்பம் வந்து கேட்டால், நம்மில் சிலரும் "எந்தத் தெரு?" என்று கேட்பதை அறிவேன். நமக்குச் சுட்ட அதே கேள்வியை நம் வாயால் கேட்கலாமா? அது நம் வாசலில் நிற்கும்வரை, பிறர் வாசலில் அதை எதிர்க்க நமக்கு உரிமை இல்லை.

என் தாயார் இன்று இல்லை. அன்று அவர் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். வீட்டுக்காக உங்கள் தெருவை மறைக்காதீர்கள். மறைக்க வேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் நேராதபடி இக்கழகம் துணை நிற்கட்டும். வெள்ளிவிழாக் கண்ட கழகம் பொன்விழாவும் காண்க என வாழ்த்தி அமைகிறேன்.