பூமி எதன்மேல் நிற்கிறது?
(ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய பேச்சு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கே ஆகும். பின்னால் நிற்கும் பெரியவர்களும் கேட்டுக்கொண்டு போகலாம். கெடுதல் ஒன்றும் வந்துவிடாது.

கையிலுள்ள மாங்காயை விட்டால் விழுகிறது. அப்படியானால் இவ்வளவு பெரிய பூமி ஏன் விழவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆதிசேஷன் தாங்குகிறான் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆதிசேஷனைத் தாங்குவது யார் என்று மறுபடியும் கேட்டாலோ, முதுகில் ஓர் அறைதான் பதில். நாம் சொல்வது என்னவென்றால், அந்த இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி என்பதாகும்.

முதலில் 'கீழே' என்றால் என்ன? பூமி சுமார் 12,742 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அதன் மறுபக்கத்தில், தென் அமெரிக்காவில் நிற்பவன் கைவிடும் பழமும் அவன் காலடியில்தான் விழுகிறது, ஆகாயத்துக்குள் போய்விடுவதில்லை. ஆகவே கீழே என்பது பூமியின் நடுவை நோக்கிய பக்கமேயொழிய வேறில்லை. பூமி தன்னைச் சுற்றியுள்ளவற்றையெல்லாம் தன் நடுவை நோக்கி இழுக்கிறது. இதற்குத்தான் ஈர்ப்பு என்று பெயர். பூமியைத் தாங்க ஒருவரும் வேண்டியதில்லை. அது விழுவதற்குத் தனியாக ஒரு 'கீழ்' இருந்தாலல்லவா தாங்கவேண்டும்?

அப்படியானால் நிலாவைப் பூமி இழுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இழுக்கிறது, நிலாவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது! 1687-இல் நியூட்டன் என்பவர் தமது புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். மாங்காய் விழும் முதல் செகண்டில் சுமார் 16 அடி இறங்குகிறது. பூமியின் நடுவிலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல நிலா சுமார் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 60 மடங்கு தூரத்தில் இழுப்பு, 60-ஐ 60-ஆல் பெருக்கி, 3,600-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலால் நிலா ஒரு செகண்டில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட விழுவதில்லை. ஆனால் அதே செகண்டில் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இழுப்பு இல்லாவிட்டால் நேர்கோட்டில் ஓடித் தொலைந்துபோகும். ஓட்டம் இல்லாவிட்டால் நம் தலைமேல் வந்து விழும். இரண்டும் சேர்ந்திருப்பதால் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதே மாதிரிதான் சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனைப் பூமி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகக் கிரகங்கள் 8. கோவிலில் நீங்கள் பார்க்கும் 9-இல் சூரியன் நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றுவது. ராகு, கேது என்று பொருள்களே கிடையாது. பாக்கி ஐந்துதான் தேறும். நாம் குடியிருக்கும் பூமியோ அந்தக் கணக்கிலேயே இல்லை! 1930-இல் கண்டுபிடித்த புளூட்டோவைக் கிரகமென்று சேர்த்தார்கள். 2006-இல் வான நூலார் கூடி அதைக் குறுங்கிரகம் என்று மாற்றினார்கள். யார் ஜாதகத்துக்கும் அதனால் பரிகாரம் செய்ய நேரவில்லை.

பெரியவர்களில் சிலர், காற்று அழுத்துவதால்தான் பொருள் விழுகிறது என்று நினைக்கிறார்கள். நிலாவில் காற்று இல்லையென்றே சொல்லலாம். 1971-இல் அங்கு இறங்கிய டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே சமயத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. இங்கே இறகு தயங்கித் தயங்கி விழுவதற்குக் காற்றுதான் தடை. நமது பேச்சை நம்பவேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிதாகக் காகிதம் வெட்டி, காசின்மேல் ஒட்டாமல் வைத்து, காசு புரளாமல் தட்டையாகக் கைவிட்டுப் பாருங்கள். பிறகு காகிதத்தைத் தனியாக விட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை நாளைக்கு உங்கள் வாத்தியாரிடம் நீங்கள் சொல்லுங்கள்.