திடலில் கற்பிப்போருக்குக் கைம்மாறு என்ன?



காலையில் பால்மரம் வெட்டி, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்து, மாலையில் களைப்பையும் பாராமல் திடலில் நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து பழக்கும் இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் கட்டணம் வாங்கலாமா என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு.

1966ஆம் ஆண்டு பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எம். இராஜாமணி, பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்தவர். திறமை பெருநகரத்தில் மட்டும் பிறப்பதில்லை. ஆதலின், முதற் பாடத்திற்கே கட்டணம் விதித்தல் தகாது. விதித்தால், பிள்ளைகள் பலருள்ள ஏழை வீட்டுச் சிறுவனே முதலில் நின்றுவிடுவான்.

ஆயினும், தொண்டு செய்பவர் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றுதல் நியாயமன்று. பந்து தேய்கிறது, போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும், பயிற்சி நாளில் மிகைநேர ஊதியமும் கைவிட்டுப் போகிறது. நாம் வாளாவிருந்தால் அவர் விரைவில் ஓய்ந்துவிடுவார்; திடலில் புல் மண்டும்.

முறையாகப் பயின்று, பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஊதியம் கேட்பது முறையே. ஆசிரியர் சம்பளம் பெறுவதை நாம் இழிவாகக் கருதுகிறோமா? நம் தோட்டத்துத் தொண்டருக்கோ, அவருடைய செலவையேனும் நாம் ஏற்றல் வேண்டும். குடும்பந்தோறும் மாதம் இரண்டு வெள்ளி கொடுப்போம். இயலாதவர் திடலைத் துப்புரவு செய்து உதவலாம். வரவு செலவைப் பலகையில் எழுதி வைப்போம்.

கற்பிப்பவர் கடன்படவும் வேண்டா. கற்க வந்த பிள்ளை வெறுங்கையைக் கண்டு திரும்பவும் வேண்டா.