ரூபாயின் விலையும் அரிசியின் விலையும்



சாரல் நேரத்தில் இலஞ்சியில் பொருளாதாரம் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அருவிக்குக் கிளம்பியவர்களை மறித்து உட்கார வைத்த பாவம் எனக்கு வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்துச் செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். மகாராஜாவின் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. அந்த அரைச் சக்கர வித்தியாசம் நெடுங்காலம் அசையவில்லை. அரசாணை ஒரு காரணம். பெரிய தொகைகளுக்கு அங்கேயும் பிரிட்டிஷ் ரூபாயே ஓடியது இன்னொன்று. ஆனால் அரிசியும் மிளகாயும் புளியரை வழியாகப் போய்வந்து கொண்டிருந்ததால், இரு பக்கத்து விலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலக முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்று விகிதம் நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் இரு பக்கத்து விலைகளும் இப்படி ஒட்டி நிற்பதைப் பொறுத்ததுதான்.

சுதந்திர இந்தியா இதைச் சிரமப்பட்டுக் கற்றது. 1949 செப்டம்பரிலிருந்து ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். இடையில் இரண்டு போர்கள், பற்றாக்குறை பட்ஜெட்டுகள். உள்ளூரில் விலை ஏற ஏற நம் சரக்கு வெளிநாட்டானுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளிநாட்டுச் சரக்கோ நமக்கு மலிவாகத் தெரிந்தது. டாலருக்குத் தட்டுப்பாடு, லைசென்ஸ், கள்ளச்சந்தை. 4.76 என்பது காகிதத்தில் மட்டுமே உயிரோடு இருந்தது. அதற்குமேல் மழையும் பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடிக்கு இறங்கியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றோம்.

1966 ஜூன் 6. நிதியமைச்சர் சச்சீந்திர சௌத்ரி அறிவித்தார்: இனி டாலருக்கு 7.50. காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கு இதில் உடன்பாடில்லை, உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ஆதரித்தார். பொருளாதாரக் கணக்குப்படி சுப்பிரமணியம் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். நடக்காத விகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. ஆனால் அந்த வருடமும் மழை ஏமாற்றியது, விலை இறங்கவில்லை. ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் நெல் விளையுமா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அண்ணாவின் வாக்குறுதி 1967 தேர்தலில் என்ன செய்தது என்று இங்குள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஆட்சிக்கு வந்த பின்னால் அண்ணாவால் சென்னையிலும் கோவையிலும் ஒரு படிதான் கொடுக்க முடிந்தது. அதற்கும் மானியச் சுமை தாங்கவில்லை.

2013இல் வேறு மாதிரி நடந்தது. சில்லறை விலைவாசி 10 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தபோது வங்கியில் போட்ட பணம் கரைவதை நம் வீட்டுப் பெண்கள் நிபுணர்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். பணம் நகைக்கடைக்குப் போனது. தங்கம் இறக்குமதி, அதற்கு டாலர் வேண்டும். 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். அமெரிக்க மத்திய வங்கி கையை இறுக்கப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. குடும்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. சேமிப்புக்கு மதிப்பில்லாமல் செய்தது விலைவாசி.

ரூபாய் விழுந்தால் அது திரும்பி நம் கடைத்தெருவுக்கே வரும். குற்றாலம் சீசன் கடையில் வாழைக்காய் சிப்ஸ் பொரிப்பவரைப் பாருங்கள். காய் உள்ளூர்க் காய். எண்ணெய் பாமாயில் என்றால் அது இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ இருந்து வந்தது. லாரிக்கு ஊற்றிய டீசலின் மூலமும் கப்பலில் வந்ததுதான். அவர் விலையைச் சட்டென்று ஏற்றமாட்டார், பொட்டலத்தில் இரண்டு கை குறைப்பார்.

இலங்கையில் இதே கதை கோரமாக நடந்தது. டாலருக்கு 200 என்று பிடித்து வைத்திருந்த ரூபாயை 2022 மார்ச்சில் கைவிட்டார்கள். மே மாதத்தில் 360. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 சதவீதம். பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களை நாம் பார்த்தோம்.

2016 முதல் நம் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி ஓர் இலக்கு உண்டு: சில்லறை விலைவாசி ஏற்றம் 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 2012ஐ அடிப்படையாகக் கொண்ட முந்தைய குறியீட்டில் உணவுக்கும் பானத்துக்கும் மட்டும் 45.86 சதவீத எடை இருந்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வரத்துக் குறைந்தால் மும்பையில் வட்டியை ஏற்றி என்ன ஆகும்? வரத்தைக் காக்கும் வேலை குளத்துக்கும் கிட்டங்கிக்கும் உரியது.

விலை ஏற்றத்தை ஈடுகட்ட அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். நம் தென்காசி மாவட்டத்துத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி; பஞ்சப்படி பேச்சுவார்த்தையாகி, கையில் சேர்வதற்குள் அரிசி மூட்டை இன்னொரு விலைக்குப் போய்விடும். களையெடுக்கப் போகிறவள் கையில் வாங்கும் கூலி எந்தக் குறியீட்டையும் பார்த்து ஏறுவதில்லை.