சந்தோஷச் செய்தியோடு ஓடி வரும் பிள்ளை

(குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் குழந்தைகள் வார்டு செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



குழந்தைகள் வார்டில் 22 ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் தாய்மாரையும், கூலி வேலையை விட்டுவிட்டு வாசலிலேயே காத்துக் கிடக்கும் தகப்பன்மாரையும் தினமும் பார்க்கிறேன். துன்ப நேரத்தில் பிள்ளையோடு நிற்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துக்க வீட்டுக்கும் அழைப்பில்லாமலே முதல் ஆளாய்ப் போகிறோம். இன்று நான் பேச வந்தது, பிள்ளை சந்தோஷச் செய்தியோடு ஓடி வரும் நேரத்தைப் பற்றி.

என் மகள் ஏழாம் வகுப்பில் கணக்கில் 98 மார்க் வாங்கி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பேப்பரை நீட்டினாள். "மீதி ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையல்ல. அவள் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் "சரி சரி, நல்லது" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய ஆசிரியை என்னைப் பாராட்டினார். கட்டுரைப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கியிருந்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. சான்றிதழ் மூன்று மாதமாகப் புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடந்தது. "ஏண்டி சொல்லல?" என்றேன். "சொன்னா என்னம்மா ஆகப்போகுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அதன்பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன், மனநோயை மட்டுமல்ல, மனிதரை நன்றாக வாழவைப்பது எது என்பதையும் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். நேர்மறை உளவியல் என்ற துறை அப்படி வளர்ந்தது. அந்த வழியில் ஷெல்லி கேபிள் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. ஒருவர் நல்ல செய்தி சொன்னால் நாம் நான்கு விதமாகப் பதில் தருகிறோம் என்கிறார்கள். ஆர்வமாய்க் கேட்டு அந்தச் சந்தோஷத்தில் பங்கெடுப்பது ஒன்று. ஒப்புக்கு "நல்லது" என்பது இரண்டாவது. குறை கண்டுபிடிப்பது மூன்றாவது. காதிலேயே வாங்காமல் வேறு பேச்சுக்குப் போவது நான்காவது. (செல்போனைப் பார்த்தபடி "ம்" கொட்டுகிறோமே, அதை எதில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.) இவற்றில் முதல் விதம் மட்டுமே உறவின் நெருக்கத்தோடு சேர்ந்து காணப்பட்டது.

எங்கள் வீட்டில் இரண்டாவது அவர், மூன்றாவது நான்.

அந்த ஆய்வு தம்பதியரையும் காதலரையும் பற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பது என் அனுபவம்.

"அப்படியானால் எதற்கெடுத்தாலும் ஆஹா ஓஹோ என்று புகழவா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். வேண்டாம். கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை தோற்றதும் துவண்டுபோனார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். ஆகவே பட்டம் சூட்டுவதைவிட விசாரிப்பது மேல். "எந்தக் கணக்கு கஷ்டமா இருந்தது? எப்படிப் போட்டே?" இவ்வளவு போதும்.

மாறுவது எனக்குச் சுலபமாயில்லை. நான் கேட்கத் தொடங்கியும், ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அளந்து அளந்துதான் பேசினாள்.

இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள். போன மாதம் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். ஒரு சின்னக் குழந்தைக்கு முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்து டிரிப் ஏற்றிவிட்டாளாம். "கையுறை போட்டியா?" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எந்தக் கையில? குழந்தை அழுதுச்சா?" என்றேன். இருபது நிமிடம் பேசினாள்.

கையுறையைப் பற்றி மறுநாள் கேட்டுக்கொண்டேன்.