தம்பதிகள் செய்துகொள்ள வேண்டிய உடன்படிக்கை

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



விவாகம் நிச்சயமானவுடன் நாம் லக்கினப் பத்திரிகை எழுதிச் சபையில் வாசித்துத் தாம்பூலம் மாற்றுகின்றோம். நகை எத்தனை சவரன், பாத்திரம் எவ்வளவு, மண்டபச் செலவு யாருடையது என்பவை அதற்கு முன்னரே பேசி முடிந்துவிடுகின்றன. ஆயின், ஆயுள் முழுதும் கூடி வாழப்போகும் இருவரும் தமக்குள் யாது பேசி முடிவு செய்தனர் என்று நாம் விசாரிப்பதுண்டோ? வரதக்ஷிணை கொடுப்பதாகவோ வாங்குவதாகவோ செய்யும் உடன்படிக்கை 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி செல்லத்தக்கதன்று. செல்லாத உடன்படிக்கையைப் பலர் கூடிச் செய்கின்றோம். அவசியமானதைச் செய்யாது விடுகின்றோம்.

இதனால் விளையும் தீங்கிற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டுவதில்லை. எமது குற்றத்தையே சபையோர் முன் ஒப்புக்கொள்ளுகின்றோம். விவாகமான இரண்டாம் வருஷத்தில், மனைவி பிரசவத்திற்காகத் தாய்வீடு சென்றிருந்த சமயம், எமது தங்கையின் விவாகச் செலவுக்குப் பணம் போதாமையால், அவளுடைய அட்டிகையை அவளைக் கேளாமலே அடகு வைத்தோம். அவள் அறியுமுன் மீட்டுவிடலாம் என்பது எமது எண்ணம். குழந்தையுடன் திரும்பிய மறுநாளே அவள் பெட்டியைத் திறந்தாள். "கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னாளில்லை. அட்டிகை பதினொரு மாதத்தில் வீடு திரும்பிற்று. ஆயினும் பல வருஷகாலம் யாம் சொல்லும் வரவுசெலவுக் கணக்கை அவள் முற்றும் நம்பினாளில்லை. அவளை நோவதற்கு எமக்கு நியாயமுமில்லை. மனைவியின் நகை அவளுக்கே முழு உரிமையுள்ள சொத்து என்பதை 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டமும் தெளிவாக்கியிருக்கின்றது.

ஆகையால் விவாகத்திற்கு முன்னரே இருவரும் சில விஷயங்களை மனம் திறந்து பேசிக்கொள்ளுதல் வேண்டும். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு? பெண்ணின் படிப்பும் உத்தியோகமும் தொடருமா? இரு பக்கத்துப் பெற்றோரையும் எவ்வாறு காப்பது? எத்தொகைக்கு மேற்பட்ட செலவை இருவரும் கலந்தே செய்வது? வியாதி ஏதேனும் இருப்பின் அதனையும் மறைத்தலாகாது. பெரியோர்களாகிய நாம் அவர்களைத் தனித்துப் பேசவிட்டு விலகியிருத்தலே செய்யத்தக்க உதவியாம்.

"உங்கள் இஷ்டம்" என்று தலைகுனிந்து சொல்லுவதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. அச்சத்தாலும் அவ்வார்த்தை வரும். மறுத்துச் சொல்ல இடமிருந்தாலன்றோ சம்மதத்திற்கு மதிப்புண்டு?

ஒருமுறை பேசியது என்றென்றைக்கும் போதாது. குழந்தைகள் பிறப்பர், உத்தியோகம் மாறும், பெற்றோர் முதுமை அடைவர். ஆதலின் வருஷந்தோறும் சித்திரை முதல் நாளில் கணவனும் மனைவியும் அமர்ந்து, பழைய ஏற்பாட்டில் எது நிற்கவேண்டும், எது மாறவேண்டும் என்று ஆலோசிப்பது நலம். அட்டிகை விஷயத்திற்குப் பின் எமது இல்லத்தில் இவ்வழக்கம் ஏற்பட்டது. முதல் வருஷம் அவள் பேசவே இல்லை. யாமே கடன் கணக்கைப் படித்தோம். மூன்றாம் வருஷம் அவள் தானே ஒரு தாளில் எழுதிவந்தாள்.

இவ்வருஷம் பிள்ளைகளுக்கு விவாகம் செய்யவிருக்கும் அன்பர்கள், லக்கினப் பத்திரிகை எழுதுமுன் இதனைச் சிந்திக்கும்படி வேண்டுகின்றோம்.