ஏடு தேடிய இன்பம்



கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி ஆற்றின் வளம் பெற்ற வடக்கனந்தலில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்வது போற்றத்தக்கது. இத்தகைய விழாக்களில், வெளிவந்த நூல்கள் எத்தனை, கிடைத்த பரிசுகள் எத்தனை என்று கணக்கிடுவது வழக்கம். கணக்கும் வேண்டியதே. ஆயினும், குறிக்கோளை எட்டும் நாளில் மட்டுமே இன்பம் உண்டெனக் கருதும் கவிஞன், எஞ்சிய நாள்களையெல்லாம் சுமையாக்கிக் கொள்கிறான். பரிசு வாராத ஆண்டில் அவன் எழுதுகோல் ஓய்ந்துவிடுகிறது. குறிக்கோளும் வேண்டும், அதனை நோக்கிச் செல்லும் வழியும் இனிக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியதற்குச் சான்று தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்.

1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த அவர், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். வயது 25. தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக் கூறினார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். படித்ததில்லை.

தமிழின் பழஞ்செல்வத்தை மீட்பது என்னும் பெருநோக்கு அன்றே பிறந்துவிடவில்லை. முதலில் பிறந்தது அறியும் ஆவலே. முதலியாருடன் அமர்ந்து சிந்தாமணியைப் படித்தார். விளங்காத சமயக் கருத்துகளை அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். படிக்கப் படிக்கச் சுவை மிகுந்தது. சுவையே குறிக்கோளை ஈன்றது. ஏழாண்டுகள் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சேறியது. உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை எனத் தேடிய வேட்கை, அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன.

பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு, மலைசூழ்ந்த இப்பகுதியினருக்கு நெருக்கமானது. அதனைப் பாடிய கபிலரின் நினைவைத் தாங்கும் கபிலர் குன்று, இம்மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றில் நிற்கிறது. பூக்களின் பெயர்கள் நிரலாக வரும் அப்பாட்டில், ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. இருப்பதை அச்சிட்டு முடிக்க அவர் மனம் ஒப்பவில்லை. தேடிச் சென்று, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். நூலை முடிப்பது ஒன்றே நோக்கமாயின், சில பூக்கள் உதிர்ந்தே போயிருக்கும். வழியை விரும்பியவர் ஆதலின் அவை வாடாமல் வந்து சேர்ந்தன.

இன்பம் என்றதும் எளிமை என்று கருதலாகாது. செல்லரித்த ஏடுகளும், பாட வேறுபாடுகளும், அச்சுச் செலவும், கடனும் அவரை வருத்தவே செய்தன. தொழிலில் தோய்ந்த மனத்துக்குத் துன்பமும் அத்தொழிலின் ஒரு கூறாகிவிடுகிறது. அதனை விட்டு ஓடத் தோன்றுவதில்லை. அதனாலன்றோ 1937இல், 82ஆம் வயதிலும், குறுந்தொகையை அவரால் பதிப்பிக்க முடிந்தது!

அவர் 1942இல் மறைந்தபோது, ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமலே நின்றது. முடிவை மட்டும் கொண்டு அளந்தால் அது குறையுடைய நூலே. ஆனால், படித்தவர் எவரும் அதனைக் குறையுடையதாகக் கொள்வதில்லை. ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் நிறைந்திருக்கிறது.

கவிதைக்கும் இதுவே நெறி. நூலாக்கும் நோக்கோடு எழுதுக; ஆயினும், ஒரு சொல்லுக்காக ஓர் இரவு காத்திருப்பதையும், எழுதிய வரியை அடித்துத் திருத்துவதையும், மாதக் கூட்டத்தில் பிறர் கூறும் குறையைக் கேட்பதையும் சுவைத்துச் செய்க. அவ்வாறு செய்வோர்க்கு, பரிசு வந்த ஆண்டும் வாராத ஆண்டும் விளைந்த ஆண்டுகளே. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அவ்விளைச்சலில் நீடு வாழ்க!